முதுமைக்கு எந்த ஊர்?



நமது வியாபாரப் பெருமக்கள் இருவர் சந்தித்தால் முன்பெல்லாம் சரக்கு விலையைப் பற்றிப் பேசுவர். இப்போது ஐம்பது வயதைத் தாண்டிய இருவர் சந்தித்தால் வேறொரு பேச்சு நடக்கிறது. "கடையை மகனிடம் விட்டுவிட்டு ஊரோடு போய்விடலாமா என்று பார்க்கிறேன். அங்கே செலவு குறைவு, மகளும் பேரப்பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கிறார்கள்" என்பார் ஒருவர். "எனக்கு ஊரில் இனி யார் இருக்கிறார்? ஒரு மகன் இங்கே, ஒரு மகன் சிங்கப்பூரில். சிங்கப்பூர் போய் மகனோடு இருக்கலாமென்றால் அந்த ஊர் விலைவாசிக்கு நம் கைப்பணம் எத்தனை நாளைக்குக் காணும்?" என்பார் மற்றவர். பிறகு இருவரும் விரல்விட்டு எண்ணத் தொடங்குவர். பாங்கு சொல்லும் வரை எண்ணிக்கொண்டே இருப்பர்.

இந்தப் பேச்சுக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இரத்த பந்தத்தை நாடிப் போகும் காரியத்தில் காசுக் கணக்குப் பார்ப்பது முறைதானா என்பது ஒன்று. முறைதான் என்றால் அந்தக் கணக்கை எப்படி எழுத வேண்டும் என்பது மற்றொன்று. நாம் ஆலிம் அல்ல. கடைக் கணக்கு மட்டுமே தெரிந்தவர். எனினும் இப்படிப்பட்ட கணக்கு ஒன்றை ஒரு பெரியவருக்கு நாம் எழுதிக் கொடுத்து, அதில் பிழையும் செய்திருக்கிறோம். அந்தப் பிழை பிறருக்கு நேரலாகாது என்பதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

முன்னோருக்கு இல்லாத கேள்வி

நம் பாட்டனார்களுக்கு இந்தக் கேள்வி எழவில்லை. அவர்கள் சபர் வந்தவர்கள். மனைவி மக்களை ஊரில் விட்டு, நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கினார்கள். 1926 முதல் 1973 வரை ஓடிய ராஜூலா கப்பலைப் பற்றிப் பேசாத பழைய குடும்பம் நம்மில் இல்லை. இங்கே சம்பாத்தியம், அங்கே குடும்பம் என்று இருந்தபடியால், கை ஓய்ந்ததும் குடும்பம் இருக்கும் இடத்துக்கே திரும்பினார்கள். அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களிலே "இன்ஷா அல்லாஹ், அடுத்த நோன்புக்குள் வந்துவிடுவேன்" என்பதைத் தவிர வேறு யோசனை இருந்ததாகத் தெரியவில்லை.

1957இல் மலாயா சுதந்திரம் பெற்றது. நம்மில் பலர் குடியுரிமை எடுத்தனர். குடும்பத்தை அழைத்து வந்தனர். பிள்ளைகள் இங்கேயே பிறந்தனர். 1985இல் சிதம்பரம் கப்பல் தீ விபத்துக்கு ஆளானதோடு நாம் அறிந்த கப்பல் வழியும் போயிற்று. ஆயினும் கொடுக்கல் வாங்கல் நிற்கவில்லை. ஊரில் பெண் எடுத்தோம். ஊரில் பெண் கொடுத்தோம். அதன் பலனாக இன்று ஒருவருக்கு மகன் பினாங்கில் இருக்கிறான், மகள் இராமநாதபுரத்துப் பக்கம் இருக்கிறாள், இன்னொரு பிள்ளை சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கிறது. "குடும்பத்தோடு போய் இருக்கப் போகிறேன்" என்று சொன்னால், "எந்தக் குடும்பத்தோடு?" என்று கேட்க வேண்டிய காலம் இது.

கணக்குப் பார்ப்பது குறையா?

"பெற்ற மகள் வீட்டுக்குப் போவதற்குக் காகிதமும் பேனாவும் எதற்கு? அல்லாஹ் ரிஜ்கு அளப்பான்" என்று சொல்வோர் உண்டு. கேட்பதற்கு இனிமையான சொல்தான். ஆனால் திருமறையின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்பதை நாம் மறக்கலாகாது. கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சிகளோடு எழுதி வைத்துக்கொள்ளும் முறையைப் பற்றியது அது. உடன்பிறந்தோரைப் போல் பழகும் இருவருக்கிடையிலும் எழுத்து வேண்டும் என்று மார்க்கம் விரும்புகிறது. எழுதுவது சந்தேகத்தால் அன்று. நாளை சந்தேகம் வராதிருப்பதற்காக.

அன்றியும், கணக்கே பார்க்காமல் போகிறவருடைய செலவு இல்லாமல் போய்விடுவதில்லை. அவர் பார்க்காத கணக்கை அவருடைய மகனோ மருமகனோ இரவில் படுத்துக்கொண்டு பார்க்கிறான். தாம் மனநிம்மதியாக இருப்பதற்காகத் தம் கவலையை இன்னொருவன் தலையில் ஏற்றி வைப்பது தவக்குல் ஆகாது. ஆகையால் கணக்குப் பார்ப்பது பாசத்துக்கு விரோதமன்று, பாசத்தின் கடமைகளில் ஒன்று என்பதே நமது அபிப்பிராயம்.

நாம் எழுதிக் கொடுத்த கணக்கு

2015ஆம் ஆண்டில் நடந்ததைச் சொல்லுகிறோம். நம் கடைக்கு நாலு கடை தள்ளி மளிகை வைத்திருந்த பெரியவர் ஒருவர். நாம் அவரை மாமு என்று அழைப்போம். வயது அறுபத்திரண்டு. மனைவி இறந்து நாலைந்து ஆண்டு ஆகியிருந்தது. மகன் இங்கே உத்தியோகத்தில் இருந்தார்; மகள் இராமநாதபுரம் மாவட்டத்தில் கட்டிக் கொடுக்கப்பட்டு, மாமுவின் பழைய வீட்டிலேயே குடியிருந்தாள். ஒரு நாள் இஷாவுக்குப் பின் மாமு கடை அஞ்சடியில் வந்து உட்கார்ந்தார்.

"தம்பி, நீ கணக்கில் கெட்டிக்காரன். நான் ஊருக்குப் போனால் தாங்குமா, இங்கேயே இருந்தால் தாங்குமா, போட்டுக் கொடு" என்றார்.

நாம் சிட்டைத் தாளைக் கிழித்துப் போட்டுக் கொடுத்தோம். கடையைக் கைமாற்றியதும் சேமிப்புமாக அவர் கையில் 180,000 ரிங்கிட். இங்கே வாடகை, சாப்பாடு, மருந்து, போக்குவரத்து எல்லாம் சேர்த்து மாதம் 2,200 ரிங்கிட். அப்படியானால் ஏழு ஆண்டு நிறையுமுன்னே பணம் தீர்ந்துவிடும். ஊரிலோ சொந்த வீடு. அன்றைய மாற்று ரிங்கிட்டுக்கு ஏறக்குறைய 16 ரூபாய். ஆக 28,80,000 ரூபாய். மாதம் 15,000 ரூபாய் செலவென்றால் ஆண்டுக்கு 1,80,000. சரியாகப் பதினாறு ஆண்டு. "மாமு, எழுபத்தெட்டு வயது வரை உங்களுக்குக் கவலையில்லை. போய் வாருங்கள்" என்று சொன்னோம். அவர் தாளை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மூன்றாம் மாதம் விமானம் ஏறினார்.

வியாபாரி என்ற முறையில் விட்ட பிழைகள்

அந்தக் கணக்கில் வியாபாரி என்ற முறையில் நாம் விட்ட பிழைகளை முதலில் ஒப்புக்கொள்ளுகிறோம்.

முதலாவது, விலை ஏற்றம். இன்றைய 15,000 நாளைக்கும் 15,000 ஆகவே இருக்கும் என்று எழுதினோம். ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்து ஏறினாலே அந்தப் பணம் பதினாறு ஆண்டு வராது. ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டில் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, நாணய மாற்று. ஒரு நாட்டுக் காசில் சம்பாதித்து இன்னொரு நாட்டுக் காசில் சாப்பிடுகிறவருக்கு மாற்று விகிதமே பெரிய சரக்கு. 1997இன் நடுவில் ஓர் அமெரிக்க டாலருக்கு 2.50 ரிங்கிட் அளவில் இருந்தது, மறு ஆண்டு செப்டம்பரில் 3.80 என்று கட்டி வைக்கப்பட்டதை நம் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் கட்டு 2005 ஜூலையில்தான் அவிழ்ந்தது. ரிங்கிட் இறங்கும் காலமும் உண்டு, ஏறும் காலமும் உண்டு. நல்ல காலத்து மாற்றை வைத்து எழுதும் கணக்கு நல்ல காலத்துக்கு மட்டுமே செல்லும்.

மூன்றாவது, முதல் முடங்குவது. வட்டிக்கு அஞ்சுகிறவர் இந்நாட்டில் தம் பணத்தை வைக்க இடம் உண்டு. உங்கு அஜீஸ் அவர்கள் 1959இல் வகுத்த யோசனையிலிருந்து பிறந்த தாபோங் ஹாஜி 1963 முதல் நடந்து வருகிறது. 1983 முதல் இஸ்லாமிய வங்கியும் உண்டு. இந்தியாவிலோ வட்டியில்லா வங்கி முறையைத் தொடர்வதில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இல் முடிவு சொல்லிவிட்டது. அங்கே கொண்டு போகும் பணம் வீடாகவோ நகையாகவோ தெரிந்தவர் வியாபாரத்திலோ நிற்க வேண்டும். அல்லது சும்மா கிடந்து கரைய வேண்டும். தோப்புத் துரவு வாங்கலாம் என்பவர்களும் ஒன்றை அறிய வேண்டும். இந்நாட்டுக் குடிமகனாக இருந்து, 2005இல் ஏற்பட்ட ஓசிஐ அட்டையில் அங்கே வாழ்கிறவர் வீடு வாங்கலாம். காலவரை இன்றித் தங்கலாம். ஆனால் விவசாய நிலமும் தோட்டமும் விலைக்கு வாங்க முடியாது. வாரிசு வழியில் வந்தால் வைத்துக்கொள்ளலாம். ஓட்டும் கிடையாது.

நாலாவது, வைத்தியம். இங்கே குடிமகன் அரசாங்க மருத்துவமனையில் வெளிநோயாளிக்கு 1 ரிங்கிட்டும் நிபுணருக்கு 5 ரிங்கிட்டும் கொடுத்து மருந்தோடு வெளியே வருகிறான். அந்த வசதியை நாம் அனுபவித்துக்கொண்டே அதற்கு விலை போடுவதில்லை. ஊருக்குப் போனவர் அந்தச் சொத்தை இங்கே விட்டுப் போகிறார்.

ஐந்தாவது, வெள்ளிக்காரர் என்ற பெயர். பினாங்கிலிருந்து வந்தவர் என்றால் கல்யாணப் பத்திரிகையும் வரும், வீட்டுக் கூரை மாற்ற உதவி கேட்டும் வருவர், பள்ளிவாசல் வசூலுக்கும் முதல் பெயர் அவருடையதே. கொடுப்பது நன்மையே. ஆனால் வருமானம் நின்றவர் வருமானம் உள்ளவரைப் போல் கொடுக்க முயன்றால் முதல் குறையும். மறுத்தால் மனம் குறையும். செலவில் கையைக் கட்டிக்கொள்ளவும் வேண்டாம், முற்றாக விரித்துவிடவும் வேண்டாம் என்ற திருமறையின் நடுவழி இங்கேதான் கடினமாக இருக்கிறது.

இவ்வளவு பிழைகள் இருந்தும், சகோதரர்களே, மாமுவின் பணம் தீரவில்லை. 2018 நவம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. மதுரையில் வைத்தியம் நடந்தது. வலது கையும் காலும் திரும்ப வரவில்லை. 2021 ஜூலையில் மவுத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அது தொற்றுநோய்க் காலம். 2020 மார்ச்சில் அடைபட்ட எல்லை திறக்கவில்லை. மகன் இங்கே கைப்பேசியில் தகப்பனாருடைய ஜனாஸாவைப் பார்த்தார். வைத்தியச் செலவெல்லாம் போகப் பணம் பாதிக்கு மேல் மீதி இருந்தது. கடைக் கணக்கு என்ற அளவில் நம் கணக்கு தேறிவிட்டது.

தாளில் இருந்த ஒரு வரி

2022இல் வழி திறந்ததும் மகன் ஊருக்குப் போய் வந்தார். வந்தவர் நம் கடைக்கு வந்து ஒரு தாளைக் கொடுத்தார். மாமு கிதாபு வைக்கும் பெட்டியில் இருந்ததாம். நம் கையெழுத்து. அரிசி, எண்ணெய், மின்சாரம், மருந்து என்று வரிசையாக எழுதியிருந்தோம். கடைசி வரி இது: "ஆள் செலவு — இல்லை. மகள் இருக்கிறாள்."

அந்த மகள் வீட்டில் தையல் மெஷின் வைத்து மாதம் 6,000 ரூபாய் அளவில் சம்பாதித்துக்கொண்டிருந்தவள். தகப்பனார் விழுந்த நாள் முதல் மெஷின் மூடிக் கிடந்தது. நவம்பர் முதல் ஜூலை வரை முப்பத்திரண்டு மாதம். அதை மட்டும் பெருக்கினால் 1,92,000 ரூபாய். இரவில் இரண்டு முறை எழுந்து புரட்டிப் படுக்க வைத்ததையும், கழுவிச் சுத்தம் செய்ததையும், தன் பிள்ளையின் பரீட்சைக்கு உடன் இருக்க முடியாமல் போனதையும் பெருக்குவதற்கு வாய்ப்பாடு இல்லை. தாளைத் தம்பியிடம் கொடுத்தபோது அவள் முறையிடவில்லை. "கணக்குச் சரியாத்தான் இருந்துச்சு. மிச்சங்கூட இருக்கு" என்றாளாம். மகன் இதைச் சொன்னபோது நமக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கணக்கில் எழுத வகை தெரியாத ஒன்றை "இல்லை" என்று எழுதிவிட்டோம். நம் பிழை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கியது. விலை தெரியாத சரக்கை ஐந்தொகையில் சுழியம் என்று எழுதுகிற கணக்கப்பிள்ளையை நாம் ஒரு நாள் கூடக் கடையில் வைத்திருக்க மாட்டோம். விலை தெரியாவிட்டால் சரக்கின் பெயரையாவது எழுது என்போம். ஆனால் வீட்டுக் கணக்கு என்று வரும்போது, பெண்மக்களின் உழைப்பை எழுத வேண்டுமென்று நமக்குத் தோன்றுவதே இல்லை. ஊரில் செலவு குறைவு என்று நாம் சொல்வதில் பாதி, அந்தச் செலவை நம் பெண்மக்கள் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்வதால் வருகிற குறைவு.

"மகள்தானே, நன்மை கிடைக்குமே" எனலாம். கிடைக்கும், அதில் ஐயமில்லை. முதுமை அடைந்த பெற்றோரிடம் சலிப்பைக் காட்டும் சிறு சொல்லும் சொல்லலாகாது என்பது அல்லாஹ்வின் கட்டளை. வறுமையில் இருக்கும் பெற்றோரைத் தாங்குவது பிள்ளைகளுக்குக் கடமை. கடமையாக இருப்பதனாலேயே ஜகாத் பணத்தைப் பெற்றோருக்குக் கொடுக்கலாகாது என்று ஃபிக்ஹு நூல்கள் சொல்லுகின்றன. ஆனால் அந்தக் கடமை மகனுக்கும் உண்டு. ஒருவர் பணத்தாலும் ஒருவர் உடலாலும் நிறைவேற்றலாம். பணத்தால் செய்ய வசதி படைத்தவர் அதையும் செய்யாமல், உடலால் செய்தவளின் பங்கை "இல்லை" என்று எழுதி வைப்பது நியாயமா என்பதே நம் கேள்வி. மருமகளைப் பொறுத்தவரை இன்னும் எச்சரிக்கை வேண்டும். மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்வது அவள் செய்யும் உபகாரமே தவிர அவள் மீதுள்ள கடமை அன்று என்றே உலமாக்கள் பலரும் கூறுகின்றனர். மகன் வீட்டில் வந்து இருக்க நினைப்பவர் அந்த உபகாரத்தை முன்கூட்டியே தம் வரவில் எழுதிக்கொள்ளலாகாது.

ஸஅது (ரலி) அவர்களின் இரண்டு கவலைகள்

மதரஸாவில் நாம் கேட்ட ஹதீஸ் ஒன்று இந்த விஷயத்தில் நமக்கு ஒளி தருகிறது. ஸஅது இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவிலிருந்து மதீனாவுக்கு ஹிஜ்ரத் செய்தவர்கள். இறுதி ஹஜ்ஜின்போது மக்காவில் கடும் நோயுற்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் நோய் விசாரிக்க வந்தபோது, தமக்கு ஒரே மகள்தான் வாரிசு என்றும், தம் செல்வத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தர்மம் செய்துவிடவா என்றும் கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் வேண்டாம் என்றார்கள். பாதியா என்றபோதும் வேண்டாம் என்றார்கள். மூன்றில் ஒரு பங்கு, அதுவே அதிகம் என்றும், வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது நல்லது என்றும் உணர்த்தினார்கள்.

இந்தப் பகுதியை நாம் அடிக்கடி பயானில் கேட்கிறோம். அதே சம்பவத்தில் இன்னொரு கவலையும் இருக்கிறது. தாம் விட்டு வந்த பூமியிலேயே மரணம் நேர்ந்துவிடுமோ என்று ஸஅது (ரலி) அவர்கள் அஞ்சினார்கள். பணம் யாருக்கு என்பதும், எந்த மண்ணில் முடிவு என்பதும் ஒரே படுக்கையில் அவர்களை வாட்டியிருக்கின்றன. சபர் வந்தவருக்கு இன்றைக்கும் இவ்விரண்டும்தான் கவலை. ஆகவே இவற்றை எண்ணிக் கலங்குவது பலவீனம் ஆகாது. ஸஹாபாக்களுக்கும் இருந்த கலக்கம் அது. அவர்கள் அந்த நோயிலிருந்து எழுந்து நெடுங்காலம் வாழ்ந்து, மதீனாவிலே அடக்கமானார்கள்.

மண்ணைப் பற்றிய கவலைக்கு நம்மிடம் கணக்கு இல்லை. எந்த உயிரும் தான் எந்தப் பூமியில் மரிக்கும் என்பதை அறியாது என்று திருமறை சொல்லிவிட்டது. செல்வத்தைப் பற்றிய கவலைக்கோ நாயகம் (ஸல்) அவர்கள் அளவு சொன்னார்கள். அருகில் இருக்கும் மகளை மறக்க வேண்டாம் என்பதும் அந்த அளவுக்குள் இருக்கிறது.

அருகில் இருப்பதற்கும் முதல் வேண்டும்

இன்னொரு செலவையும் சொல்ல வேண்டும். நம்மில் சிலர் முப்பத்தாறு ஆண்டு இல்லறம் நடத்தியிருப்பர். மூன்று ஆண்டுக்கு ஒரு முறை நாலு மாதம் ஊருக்குப் போனவர் எனில் பன்னிரண்டு பயணம், நாற்பத்தெட்டு மாதம். முப்பத்தாறு ஆண்டில் மனைவியோடு வாழ்ந்தது நாலே ஆண்டு. இத்தகையவர் அறுபதில் ஊர் திரும்பும்போது, தாம் வீட்டுக்குத் திரும்புவதாக எண்ணுகிறார். அந்த வீட்டிலோ அவருக்கென்று ஒரு வழக்கம் இல்லை. தேத்தண்ணி எத்தனை மணிக்கு வேண்டும் என்பதில் தொடங்கி, பேரப்பிள்ளையைக் கண்டிக்கலாமா என்பது வரை தகராறு. கடையில் எல்லோரையும் ஏவிப் பழகியவர் அங்கே ஏவுவதற்கு ஆளில்லாமல் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். டிக்கெட்டுக் காசு அவரை ஊரில் இறக்கிவிடும். குடும்பத்தின் அருகில் சேர்ப்பதற்கு அது போதாது. போடாத முதலை எடுக்க முடியாது என்பது வியாபாரிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முதல் போட வயது ஒரு தடை அன்று. அடக்கமும் பொறுமையும் வேண்டும்.

இங்கேயே மகனோடு இருப்பவர் கதையும் எப்போதும் இனிமையாக இருப்பதில்லை. பத்தாவது மாடி வீட்டில் காலை ஏழு மணிக்கு மகனும் மருமகளும் வேலைக்குப் போய்விட்டால், மாலை ஏழு வரை சுவரையும் தொலைக்காட்சியையும் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களை நாம் அறிவோம். பள்ளிவாசல் பாங்கு கேட்கும் தூரத்தில் இருந்தும் இறங்கிப் போக முடியாது. ஆகவே ஊர்தான் நல்லது என்றோ இங்கேதான் நல்லது என்றோ நாம் தீர்ப்புச் சொல்ல வரவில்லை.

எப்படி எழுதுவது?

நாம் கற்றுக்கொண்டதைச் சுருக்கமாகச் சொல்லுகிறோம்.

கணக்கைத் தனியாக எழுதாதீர்கள். மனைவியையும், யார் வீட்டில் இருக்கப் போகிறீர்களோ அவரையும், தூரத்தில் இருக்கப் போகும் பிள்ளையையும் வைத்துக்கொண்டு எழுதுங்கள். படுத்துவிட்டால் யார் பார்ப்பது, அவர் எதை விட வேண்டியிருக்கும், அதற்கு மற்றவர்கள் என்ன செய்வார்கள் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். கூச்சம் ஒரு நாளோடு போகும்.

பார்ப்பவருக்குச் சேர வேண்டியதை உங்கள் கையால், நீங்கள் நலமாக இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அன்பளிப்பில் நீதி வேண்டும் என்பது நபிமொழி. ஆகையால் இது அன்பளிப்பா, உழைப்புக்கு ஈடா என்பதை ஓர் ஆலிமிடம் கேட்டு, எல்லாப் பிள்ளைகளும் அறியச் செய்யுங்கள். மாமுவின் மகன் பிறகு தம் பங்கிலிருந்து அந்த 1,92,000 ரூபாயை அக்காவுக்கு அனுப்பினார். "அத்தாவைப் பார்த்ததுக்குக் கூலியா?" என்று அவள் அழுதுவிட்டாள். பிள்ளையின் படிப்புக்கு என்று சொன்ன பிறகே வாங்கிக்கொண்டாள். அதே பணம் தகப்பனார் கையால் வந்திருந்தால் அதைக் கூலி என்று அவள் எண்ணியிருக்க மாட்டாள்.

உயிரோடு இருக்கும்வரை முதலை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாசத்தில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டு மாதச் செலவுக்குக் கேட்டு வாங்குகிறவர் பெற்ற மகனிடமும் சிறுத்துப் போகிறார். பெற்றோரைத் தாங்காத பிள்ளைகள் மீது வழக்கிட 1995இல் சிங்கப்பூரிலும் 2007இல் இந்தியாவிலும் சட்டம் வந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. திரும்பி வரும் பயணச் செலவையும், வந்தால் ஆறு மாதம் தங்கும் செலவையும் தனியே எடுத்து வையுங்கள். போவதற்கு முன் ஓர் ஆறு மாதம் விருந்தாளியாக இல்லாமல் வீட்டு ஆளாக அங்கே இருந்து பாருங்கள்.

நாற்பதுகளில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைக்காரனுக்கு முதலாளி சேமநிதி கட்டுவதில்லை. நமக்கு நாமே முதலாளி. 2019இல் சேமநிதி வாரியம் ஐம்பத்தைந்து வயதில் அடிப்படைச் சேமிப்பு 240,000 ரிங்கிட் என்று வைத்தது. அது இருபது ஆண்டுக்கு மாதம் 1,000 ரிங்கிட்தான். இப்போது அந்த அளவே போதாது என்று கூட்டி வகுத்திருக்கிறார்கள். கடையில் முடங்கிய சரக்கை எல்லாம் சேமிப்பு என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

நமது தாயார் ஊரில் தங்கையோடு இருக்கிறார். மாமுவின் தாளைப் பார்த்த அன்று இரவு நாம் ஒரு புதிய தாள் எடுத்தோம். மாதாமாதம் அனுப்பும் பணத்தில் தாயாருக்கு இவ்வளவு என்று மட்டும்தான் அதுவரை எழுதி வந்தோம். இப்போது தங்கைக்கு என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம். அந்த வரியில் எந்தத் தொகை எழுதினாலும் பற்றவில்லை. பற்றவில்லை என்பதையும் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம்.

அல்லாஹ் நம் முதுமையைப் பிறருக்குப் பாரமாக்காமல் காப்பானாக. நம்மைத் தாங்குகிற கைகளை நாம் அறிந்து நன்றி செய்யத் தவ்ஃபீக் தருவானாக. மாமுவின் கபுரை விசாலமாக்குவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.